நமக்கு வராத மஞ்சள் காமாலை

எனக்கு மஞ்சள் காமாலை வந்திருந்ததாம். உங்களுக்குத் தெரியுமா? எனக்கே இன்று காலையில்தான் தெரிய வந்தது.

வக்கீல் குமாஸ்தா ஓடை வழியாக வந்தார். வேட்டிக் கரையில் ஒட்டியிருந்த முள்ளைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, "டீச்சரம்மா, பென்சில்ல இன்ட்டு போட்டுருக்கு, அங்கன எல்லாம் கையெழுத்து. நாளைக்கு வந்து வாங்கிக்கிடுதேன்" என்று சில பச்சைத் தாள்களைக் கையில் திணித்துவிட்டுப் போனார். கோர்ட்டுக்குப் போகிற காகிதத்துக்கென்று ஒரு பச்சை உண்டே, அந்தப் பச்சை. புதுத் தாளும் அச்சு மையும் கலந்த அந்த வாசம் மூக்கில் ஏறியதும் நீங்கள் எதிரே வந்து உட்கார்ந்துவிட்டீர்கள். சட்டைப் பையில் பேனா, மடியில் என் அகராதி, முகத்தில் அந்தப் பாழாய்ப்போன பிடிவாதம்.

கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு படித்தேன். 'மேற்படி காலத்தில் நான் மஞ்சள் காமாலை நோயினால் கடுமையாகப் பாதிக்கப்பட்டு, நாட்டு வைத்தியம் செய்துகொண்டு, படுத்த படுக்கையாக இருந்தபடியால்...' அதற்கு மேல் கண் ஓடவில்லை. அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. வழியட்டும் என்று விட்டுவிட்டேன்.

என்ன துணிச்சல் பாருங்கள்! அதே வக்கீல், அதே குமாஸ்தா, அதே நோய். புதிதாக ஒரு நோயைக் கண்டுபிடிக்கக்கூட இவர்களுக்குச் சோம்பல். உங்களுக்காக அன்று அடித்த தாளில் பெயரையும் ஊரையும் மட்டும் மாற்றி எனக்கு அடித்திருக்கிறார்கள். ஓர் இடத்தில் மாற்ற மறந்து, உங்கள் தாளில் இருந்த 'மனுதாரர் தம் மனைவியுடன்' என்பதுகூட அப்படியே நின்றுவிட்டது. நான் என் மனைவியோடு படுத்த படுக்கையாக இருந்திருக்கிறேன்.

உங்களுக்குத் தெரிந்த கதையைத்தான் மறுபடியும் எழுதப்போகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள். கோபம் வந்தால் எனக்கு எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்லியாக வேண்டும். வகுப்பிலும் அப்படித்தான் இருந்தேன், அதற்கே பிள்ளைகள் என்னைக் கண்டு பயந்தார்கள்.

நம் வீட்டிலிருந்து தெருவுக்குப் போக இருக்கிற வழி அந்த முடுக்கு ஒன்றுதான். மேலவீட்டுச் சுவரை ஒட்டிப் போகிற சந்து. இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் சுவரோடு ஒதுங்க வேண்டும். பொது முடுக்கு என்று நம் பத்திரத்திலும் இருக்கிறது, மேலவீட்டுக்காரர் பத்திரத்திலும் இருக்கிறது. பின்பக்கம் போனால் ஓடை. ஓடை முழுக்கச் சீமைக் கருவேலம். அந்த முடுக்கு தனக்கே சொந்தம் என்று மேலவீட்டுக்காரர் ஒரு நாள் வழக்குப் போட்டார். கார் வாங்கியிருந்தார், நிறுத்த இடம் வேண்டும். காரணம் அவ்வளவுதான்.

நாமும் வக்கீல் வைத்தோம். பதில் போட வேண்டிய வாய்தா பங்குனியில் வந்து விழுந்தது. அதே வாரம் பனவடலிசத்திரம் பக்கத்தில் உங்கள் குலசாமி சுடலைக்குக் கொடைத் திருவிழா. சுடலைக்கு நீங்கள்தான் சாமியாடி. விவசாய ஆபீஸில் நாளெல்லாம் பேசாமல் இருந்து ஓய்வு பெற்ற மனிதர், பங்குனி பிறந்தால் வேறு ஆளாகிவிடுவீர்கள். கால் நாட்டி, கையில் காப்புக் கட்டிவிட்டால் கொடை முடிகிற வரைக்கும் கோயில் எல்லையைத் தாண்டக் கூடாது. உங்கள் சொந்த அக்கா மகள் கல்யாணத்துக்கே அப்படித்தான் போகாமல் இருந்தீர்கள், அதற்கு உங்கள் அக்கா என்னிடம் ஒரு வருஷம் பேசவில்லை.

வாய்தாவைப் பற்றிக் கவலைப்பட்டு வக்கீல் ஆபீசுக்குப் போனீர்கள். குமாஸ்தாதான் தைரியம் சொன்னார். "நீங்க நிம்மதியாப் போய்ச் சாமியக் கொண்டாடுங்க அண்ணாச்சி. நாங்க எதுக்கு இருக்கோம்? வாய்தா வாங்கிக்கிடுதோம்."

வாங்கினார்கள்! அன்று வக்கீலுக்கு இன்னோர் ஊர்க் கோர்ட்டில் பெரிய வழக்கு ஒன்று வந்துவிட்டது, அங்கே போய்விட்டார். இங்கே உங்கள் பெயரை மூன்று தடவை கூப்பிட்டார்கள். ஒருவரும் எழுந்து நிற்கவில்லை. எதிர்த்தரப்பு வரவில்லை என்று மேலவீட்டுக்காரர் சொன்னதை மட்டும் கேட்டு ஒருதரப்பாகத் தீர்ப்பாகிவிட்டது. அந்த நேரத்தில் நீங்கள் சலங்கை கட்டிக்கொண்டு, மஞ்சள் நீராடிய உடம்போடு, ஊர்ச் சனத்துக்குக் குறி சொல்லிக்கொண்டிருந்தீர்கள். நானும் கூட்டத்தில் நின்றேன். எந்தக் கோர்ட்டு, யார் நீதிபதி என்றெல்லாம் இதில் எழுத மாட்டேன். இருக்கிற வழக்கே போதும்.

ஒருதரப்புத் தீர்ப்பை நீக்கக் கேட்கலாம், அதற்கு வராததற்கான காரணத்தைச் சொல்லி ஒரு அபிடவிட் போட வேண்டும் என்றார் வக்கீல். மறுவாரம் போனால் தாள் தயாராக இருந்தது. நீங்கள் ஒவ்வொரு வரியாக விரலை வைத்துப் படித்தீர்கள். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"என்ன வக்கீல் சார், எனக்கு எப்போ காமாலை வந்துச்சு?"

"அது சும்மா ஒரு காரணத்துக்கு அண்ணாச்சி. எல்லாருக்கும் அதான் போடுதோம்."

"எல்லாருக்குமா காமாலை?"

"கோர்ட்டுக்குப் பழகிப்போன வியாதிலா! காய்ச்சல்னா ரெண்டு நாள்ல சரியாயிரும், மிச்ச நாள் எங்க போனேம்பாங்க. ஆபரேசன்னா சர்டிபிகேட்டு கேப்பாங்க. காமாலைன்னா நாட்டு மருந்து, பத்தியம், படுக்கை. ஒரு பய ஒரு கேள்வி கேக்க மாட்டான்."

எனக்குச் சிரிப்பு வந்தது. ஒத்துக்கொள்கிறேன், அன்று எனக்குக் கோபம் வரவில்லை. கையெழுத்தைப் போட்டுவிட்டு வாருங்கள், வெயில் ஏறுகிறது என்றுதான் நினைத்தேன். நீங்களோ "ஒரு நாள் டைம் குடுங்க" என்று தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டீர்கள்.

வீட்டுக்கு வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றவில்லை. "ஏட்டி, இந்த அபிடவிட்டு அபிடவிட்டுங்கானே, அப்படின்னா என்ன?"

"பிரமாணப் பத்திரம்."

"அது தெரியும். அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம்? எங்க இருந்து வந்துச்சு? நீ இங்கிலீசு டீச்சர்தானே?"

டீச்சர் என்று நீங்கள் சொன்னால் அது சவால். தாளை வாங்கிப் பார்த்தேன். தலைப்பில் இங்கிலீஷில் ஒரே ஒரு எஃப் போட்டு அடித்திருந்தார்கள். இரண்டு எஃப் வர வேண்டும். சிவப்பு மையால் இன்னொன்றைச் சொருகிவிட்டு, பள்ளிக்கூடத்தில் எனக்குப் பரிசாக வந்த அந்தத் தடி அகராதியை இறக்கினேன்.

அது இங்கிலீஷ்காரன் வார்த்தையே இல்லை. லத்தீன். ஃபிடெஸ் என்றால் நம்பிக்கை. அதிலிருந்து பிறந்த ஒரு வினை, தன் நம்பிக்கையை இன்னொருவர் கையில் கொடுப்பதை, வாக்குக் கொடுப்பதைக் குறிக்கிறது. அபிடவிட் என்றால் 'அவர் வாக்குக் கொடுத்திருக்கிறார்'. தாளில் எழுதுகிற வினைச்சொல்லே தாளுக்குப் பெயராக நின்றுவிட்டது. இதை நான் வாசித்துச் சொல்ல, நீங்கள் கண்ணை மூடிக் கேட்டீர்கள். அதோடு நான் அகராதியை மூடியிருக்கலாம். பக்கத்தைத் திருப்பாமல் இருக்க முடியாத புத்தி எனக்கு. அதே வேரிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்த இன்னொரு பழைய வார்த்தையும் இருந்தது, அஃபையன்ஸ். கல்யாணம் நிச்சயம் செய்வது.

"நிச்சயம்னா? நம்ம நிச்சய தாம்பூலமா?"

"ஆமா."

கண்ணைத் திறந்தீர்கள். "அப்போ ரெண்டு வீட்டுக்காரங்களும் தட்டு மாத்துனாங்களே, அதும் ஒரு அபிடவிட்டுதான்."

"அப்படியே வச்சுக்கிடுங்க. சட்டையக் கழத்துங்க, வேர்வை நாறுது" என்று சொல்லிவிட்டு நான் அடுக்களைக்குப் போய்விட்டேன். குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது.

மறுநாள் வக்கீல் ஆபீசில் நீங்கள் சொன்னது அந்த அறையில் இருந்த யாருக்கும் மறந்திருக்காது. மறந்ததுபோல நடிக்கிறார்கள், அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல்.

"காமாலைய எடுத்துருங்க. கொடைக்குப் போயிருந்தேன், காப்புக் கட்டியிருந்தேன், அதான் வரலை. அத எழுதுங்க."

"அண்ணாச்சி, ஆடித் தபசுன்னா கவர்மெண்டே லோக்கல் லீவு விடுது. சங்கரன்கோவில்ல எவனும் ஒண்ணும் கேக்க மாட்டான். உங்க சுடலைக்கு லீவு உண்டா?"

"லீவு இல்லேன்னா கொடை நடக்கலேன்னு ஆயிருமா?"

"நடந்துச்சு, நடந்துச்சு. ஆனா எழுதப்படாது. தள்ளிருவாங்க."

நீங்கள் சத்தம் போடவில்லை. "சார், அன்னைக்கு நான் ஆடுனத ஊரே பாத்துச்சு. பிள்ளை இல்லேன்னு வந்தவ, மாட்டைத் தொலைச்சுட்டு வந்தவன், எல்லாரும் என் வாயில இருந்துதான் வாக்கு வாங்கிட்டுப் போனாங்க. அன்னைக்கு நான் காமாலையில படுத்துக் கெடந்தேன்னு இப்போ சத்தியம் பண்ணுனா, அங்கன ஆடுனது யாரு?"

குமாஸ்தா மெதுவாகக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். வக்கீல் அந்த வரியை அடித்துவிட்டு, கொடை என்று எழுதினார். வாய்தா வாங்குவதாகச் சொல்லிவிட்டுத் தான் வராமல் போனதை மட்டும் எழுத மாட்டேன் என்றார். நீங்களும் "அது உங்க மனச்சாட்சி. நான் சொன்னது என் தாள்ல இருந்தாப் போதும்" என்று விட்டுவிட்டீர்கள். எனக்கு உங்கள்மேல் இன்றைக்கும் ஆறாத கோபம் இது. உங்கள் உண்மையை மட்டும் சொல்லி என்ன பயன்? அந்த ஆளின் உண்மையும் அதில் ஏறியிருந்தால் வழக்கு வேறு மாதிரி போயிருக்கும். ரொம்ப நல்ல மனுஷன் என்று பெயர் வாங்கத் தெரிந்த அளவுக்கு உங்களுக்குச் சண்டை போடத் தெரியாது.

மனு வந்த அன்று நானும் கோர்ட்டில் இருந்தேன். நமக்கு முன்னால் கூப்பிட்ட மனுவில் காமாலை. அனுமதித்தார்கள். நமக்குப் பின்னால் கூப்பிட்டதிலும் காமாலை. அதையும் அனுமதித்தார்கள். அந்தக் காமாலைக்காரர் வராந்தாவில் உளுந்த வடையும் சட்னியும் வெளுத்துக் கட்டிக்கொண்டிருந்தார். நடுவில் உங்கள் தாள். "மனுதாரர் மேல் இறங்கிய சாமி வாய்தா தேதியைச் சொல்லவில்லையா?" என்று எதிர் வக்கீல் கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். கொடைக்குப் போனது போதுமான காரணம் ஆகாது என்று தள்ளிவிட்டார்கள். அத்தனை பேர் பொய் சொல்லி வாங்கிப்போன மன்னிப்பு, நிஜத்தைச் சொன்ன ஒரே மனிதருக்கு இல்லை. அநியாயம் என்று நான் வாய்விட்டுச் சொன்னேன். டவாலி என்னை வெளியே போகச் சொன்னார்.

வெளியே வந்து வேப்பமரத்தடியில் உங்களைப் பிடிபிடி என்று பிடித்தேன். "ஒரே ஒரு காமாலை வந்திருந்தா உங்க உடம்புல என்ன கொறஞ்சு போயிருக்கும்?" என்றேன். ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள். நீங்கள் குடையை விரித்து என் தலைக்குப் பிடித்தபடி சொன்னீர்கள்: "ஏட்டி, நாளைக்கு எனக்கு நெசமாவே மேலுக்கு முடியலேன்னா, நீ நம்ப வேண்டாமா?"

அப்பீல் போட்டோம். அது நடக்கும்போதே மேலவீட்டுக்காரர் முடுக்கு வாயிலில் இரும்புக் கேட் வைத்துப் பூட்டுப் போட்டார். போட்டுவிட்டு நம்மிடமே வந்து, "அண்ணாச்சி, ஒரு சத்தம் கொடுத்தா தெறந்துவிடப் போறேன். நான் என்ன மனுசன் இல்லியா?" என்றார். நம் வழியில் நாம் போக இவரிடம் சத்தம் கொடுக்க வேண்டுமாம். நீங்கள் ஒரு தடவைகூடக் கொடுக்கவில்லை. கடைக்கு, கோயிலுக்கு, பென்ஷன் விஷயத்துக்கு, எல்லாவற்றுக்கும் ஓடை வழி. சாயங்காலம் வந்து உட்கார்ந்து ஊக்கால் செருப்பிலிருந்து முள்ளைக் கிண்டி எடுப்பீர்கள். நான் திட்டிக்கொண்டே பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன்.

அந்த முற்பகலைப் பற்றி எழுதாமல் தாண்டிவிடலாம் என்று பார்த்தேன். முடியவில்லை. செய்தித்தாளைக் கீழே வைத்துவிட்டு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, "ஏட்டி, நெஞ்சை அடைக்கு. நெசமாத்தான் சொல்லுதேன்" என்றீர்கள். நான் நம்பாமல் போவேனோ என்று அந்த நேரத்திலும் உங்களுக்கு ஒரு சந்தேகம். ஆட்டோ வந்து கேட்டுக்கு வெளியே நின்று ஹாரன் அடித்தது. கேட்டில் பூட்டு. மேலவீட்டில் எல்லோரும் குருவிகுளத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார்கள். நான் சத்தம் கொடுத்தேன். எத்தனை சத்தம் கொடுத்தேன் தெரியுமா? அடுத்த தெருத் தறிக்கூடத்து ஆட்கள் கேட்டு ஓடி வந்து, உங்களை நார்க்கட்டிலோடு தூக்கி ஓடை வழியாகக் கொண்டு போனார்கள். அவர்கள் காலெல்லாம் ரத்தம். ஆஸ்பத்திரியில் டாக்டர் உங்கள் நாடியைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். சீக்கிரம் வந்திருந்தால் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

உங்களை வீட்டுக்குக் கொண்டுவந்தபோது கேட் விரியத் திறந்திருந்தது. காற்றில் மூடிக்கொள்ளக் கூடாதென்று கயிறு போட்டுக் கட்டியிருந்தார் மேலவீட்டுக்காரர். தோளில் துண்டோடு முன்வரிசையில் நின்று கும்பிட்டார். "அண்ணாச்சி தங்கமான மனுசன்" என்று அழவும் செய்தார். நான் அவரைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. காரியம் எல்லாம் முடிந்த மறுநாள் பூட்டு பழையபடி தொங்கியது. பிணத்துக்குத் திறக்கிற கேட் பெண்டாட்டிக்குத் திறக்காது போலிருக்கிறது.

அதற்குப் பிறகு நான் வெளியே போகவில்லை. காய்காரி கூடையைப் பின்சுவர் மேல் வைத்துக் காய் கொடுக்கிறாள், பால்காரரும் அந்த வழிதான். ஓடையில் நடக்க முழங்கால் விடவில்லை. கேட்டின் முன்னால் போய் நின்று ஒரு சத்தம் கொடுக்க எனக்கு நாக்கு எழவில்லை. அன்று கொடுத்த சத்தமே போதும்.

அப்பீலில் உங்களுக்குப் பதிலாக என்னையும் மகளையும் சேர்க்க ஒரு கெடு உண்டாம். அது தாண்டிய பிறகுதான் வக்கீல் போன் செய்தார். "ஒண்ணும் பயப்படாதீங்க டீச்சரம்மா, தாமதத்தை மன்னிக்கச் சொல்லி ஒரு மனு போட்டுருவோம்" என்றார். அந்த மனுவோடு சேர்கிற அபிடவிட்தான் இன்று வந்தது. மன்னிக்காவிட்டால் அப்பீல் செத்துவிடும். கேட் நிரந்தரமாகிவிடும். வீடு நமக்கு இருக்கும், வீட்டுக்கு வழி இருக்காது.

மத்தியானம் கோயம்புத்தூரிலிருந்து மகள் பேசினாள். விஷயத்தைச் சொன்னேன். "அம்மா, அப்பாதான் பிடிவாதம் பிடிச்சு எல்லாத்தையும் கெடுத்தாங்க. நீயாவது கையெழுத்தப் போட்டுத் தொலை. வழி கெடச்சாப் போதும்" என்றாள். அவள் சொல்வதிலும் ஒரு நியாயம் இருக்கிறது. உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது, பேனாவைத் திறந்துவிட்டேன். பென்சில் குறிக்குமேல் முனையை வைத்தும்விட்டேன்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இத்தனை மாதம் நான் காமாலையில் கிடந்தேன் என்றால், இந்தக் கேட்டுக்கு முன்னால் நிற்க மாட்டேன் என்று வீட்டுக்குள் வெந்துகொண்டு கிடந்தது யார்? கட்டிலோடு உங்களை முள்ளுக்குள் அனுப்பியதை நினைத்து நினைத்துச் சோற்றைத் தள்ளிவைத்தது யார்? இந்த ஒரு பொய்யை எழுதினால் மேலவீட்டுக்காரரின் கேட் எனக்கு ஒன்றுமே செய்யவில்லை என்று ஆகிவிடும். என்னை வீட்டில் பூட்டியது ஈரல் நோய் என்று ஆகிவிடும். இதை நானே சத்தியம் செய்து கொடுக்க வேண்டுமாம்! பேனாவை மூடி வைத்துவிட்டேன்.

* * *

இதை எழுதி நிறுத்தி ஒரு வாரம் ஆகிவிட்டது. வாங்க வந்த குமாஸ்தாவை வெறுங்கையோடு அனுப்பிவிட்டு, நானே போனேன். எப்படிப் போனேன் என்று கேட்பீர்கள். உங்கள் செருப்பைப் போட்டுக்கொண்டு, உங்கள் குடையை ஊன்றிக்கொண்டு, ஓடை வழியாகப் போனேன். செருப்பு பெரிது, பாதி நேரம் காலுக்கு முன்னால் அது போயிற்று. சேலை இரண்டு இடத்தில் கிழிந்தது. முழங்காலைப் பற்றி எழுதினால் அழுதுவிடுவேன்.

பச்சைத் தாளின் பின்பக்கத்தில் சிவப்பு மையால் நானே எழுதி வைத்திருந்ததை வக்கீல் மேஜையில் வைத்தேன். 'எங்கள் வீட்டுக்கு உள்ள ஒரே வழியைப் பூட்டிவிட்டார்கள். ஓடை வழியே வர என் முழங்கால் இடம் கொடுக்கவில்லை. என் கணவருக்குத் திறக்காத கேட்டை எனக்குத் திறக்கச் சொல்லிக் கேட்க என் மனம் இடம் கொடுக்கவில்லை. அதனால் வரவில்லை.' அவ்வளவுதான் எழுதியிருந்தேன். கீழே இன்னொன்று, 'கெடு உண்டு என்று என் வக்கீல் எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை.'

"மனம் இடம் குடுக்கலேன்னு எல்லாம் அபிடவிட்டுல போட முடியாது டீச்சரம்மா."

"ஏன் முடியாது? என் பேரு போட்ட தாள்தானே?"

"கடைசி வரி வேற... இது என் தலையில கைய வைக்கும்லா."

"வைக்கட்டும். அவுக மனசு எளகி விட்டுட்டாக. நான் விட மாட்டேன்."

அவர் மறுபடியும் முதலிலிருந்து படித்தார். இந்தத் தடவை கடிகாரத்தைப் பார்க்கவில்லை. மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "டீச்சரம்மா, வழியில்லாததால வரலேன்னு நீங்க சொல்லுதீங்க. நம்ம கேசே அதான்."

"இப்பத்தான் தெரியுதா உங்களுக்கு?" என்றேன். குமாஸ்தா தலையைக் குனிந்துகொண்டார். ஒரு வரியும் மாற்றாமல் அடித்துக் கொடுத்தார். நான் சொல்லாமலே தலைப்பில் இரண்டு எஃப் போட்டிருந்தார்.

நோட்டரி போனில் பேசிக்கொண்டே முத்திரையை எடுத்தார். எழுதியது உண்மைதானா என்று அவர் கேட்கவில்லை. யாரிடமும் கேட்பதில்லையாம், நேரம் இல்லையாம். கேட்காவிட்டால் என்ன, எனக்கு வாய் இருக்கிறது. வகுப்பின் கடைசிப் பெஞ்சுக்குக் கேட்கிற குரலில், "சத்தியமாச் சொல்லுதேன்" என்றேன். அவர் போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டு என்னைப் பார்த்தார். பிறகுதான் கையெழுத்துப் போட்டேன்.

திரும்பும்போது மேலவீட்டுக்காரர் தெருவில் நின்றிருந்தார். கிழிந்த சேலையையும் உங்கள் செருப்பையும் பார்த்துவிட்டுச் சாவியை எடுத்தார். "டீச்சர், இந்த வெயில்ல எதுக்கு? இப்படி வாங்க, தெறக்குதேன்."

"கோர்ட்டு சொன்ன பெறகு வாரேன்" என்று சொல்லிவிட்டு ஓடைப் பக்கம் திரும்பினேன். முதுகுக்குப் பின்னால் அவர் ஏதோ சொன்னார், என் காதில் விழவில்லை. வீட்டுக்கு வந்து நீங்கள் உட்கார்கிற இடத்தில் உட்கார்ந்து, ஊக்கை எடுத்து, உங்கள் செருப்பிலிருந்து முள்ளைக் கிண்டினேன். ஒரு முள் பழையது, உள்ளே முறிந்து கறுத்துப் போயிருந்தது. அது நீங்கள் நடந்தபோது ஏறியது. அதை எடுக்காமல் விட்டுவிட்டேன்.

மனு இன்னும் கூப்பிடப்படவில்லை. தள்ளுவார்களோ, ஏற்பார்களோ, தெரியாது. எதிர் வக்கீல் என்னையும் வைத்து ஒரு சிரிப்புச் சிரிக்கத்தான் போகிறார். சிரிக்கட்டும். பெயரைக் கூப்பிட்டால் முதல் தடவையிலேயே எழுந்து நிற்பேன், மூன்று தடவை தேவைப்படாது.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். அன்று வக்கீல் ஆபீசிலிருந்து கிளம்புவதற்கு முன்னால் குமாஸ்தா நம் வழக்குக் கட்டைப் பிரித்தார். மேலே உங்கள் அபிடவிட்டின் நகல் இருந்தது, கொடை, காப்பு, சுடலை, எல்லாம் உங்கள் கையெழுத்தோடு. அதன் அடியில் என் தாளை வைத்து, ஓரம் சரிபார்த்து, ஊசி கோத்து ஒரே நூலால் இரண்டையும் தைத்தார். நான் பார்த்துக்கொண்டே நின்றேன். தட்டு மாற்றிய அன்று என்னை ஓர் அறையில் உட்கார வைத்துவிட்டார்கள், எதையும் கண்ணால் பார்க்க விடவில்லை. இந்தத் தடவை பார்த்தேன். இரண்டு தாளிலும் காமாலை இல்லை.